சாயம் போகுமா?

புடவைக்கடையின் படியேறி வருகிறவர் எவரானாலும், துணியை இரண்டு விரல்களுக்கிடையே வைத்துக் கசக்கிப் பார்த்த பின்னர், முதலில் விலையைக் கேட்பார், அடுத்தபடியாக, “அண்ணே, சாயம் போகுங்களா?” என்று கேட்பார். ஹட்டன் பட்டணத்தில் முதலில் தையற்காரனாகவும், பின்னர் தையல் மெஷினோடு சேர்ந்த சிறியதொரு புடவைக்கடையின் சொந்தக்காரனாகவும் 1969 ஆம் ஆண்டு தொடக்கம் ஜீவனம் நடத்தி வந்திருக்கும் எனக்கு, இந்த இரண்டு கேள்விகளுக்கும் மறுமொழி சொல்வதிலேயே ஆயுளின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. கேட்டவர்கள் மீது ஒருநாளும் எனக்கு அலுப்பு உண்டானதில்லை. தேநீரையும் சாயம் என்றே சொல்லுகிற எங்கள் மலைநாட்டில், விடிந்தது முதல் மாலை வரை கொழுந்துக் கறையிலும் மழையிலும் ஊறி, அந்தியில் தண்ணீர்ப் பீலிக்கரைக் கல்லில் அடிபட்டு, இரவெல்லாம் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் புகையோடு புகையாய்க் காய்ந்து, மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் உடம்புக்கு ஏறவேண்டிய சேலைக்கு, நிறம் நிற்குமா என்று கேட்பதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அப்பால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்பதையும், துணி வாங்குகிறவரும் விற்கிறவரும் தைக்கிறவரும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்பதையும், வெகுகாலம் கழித்தே நான் உணர்ந்தேன். உணர்ந்ததை எழுதி வைப்பது தொழிலுக்கு நான் செய்யவேண்டிய கடமை.

பதினான்காவது வயதில் தகப்பனார் கைபிடித்து அழைத்துப்போய் என்னை ஒப்படைத்த மாஸ்டர், முதல் எட்டு மாதங்கள் என்னை மெஷினில் உட்கார விடவில்லை. தைப்பதற்கு முன் பிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்பது அவருடைய சித்தாந்தம். சீமைக்குத் திரும்பிப் போகும் துரைமார் விற்றுவிட்டுச் செல்கிற கம்பளிக் கோட்டுகள் அக்காலத்தில் எங்களிடம் வரும். முழங்கையில் மினுக்கம் ஏறி, கழுத்துப்பட்டை நைந்து போயிருக்கும் அந்தக் கோட்டுகளை, துணியின் ஓர் இழையைக்கூடக் கிள்ளாதபடி பழைய பிளேடால் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளை அலசி நிழலில் உலர்த்தி, சிரட்டைக் கரி போட்ட அயன் பெட்டியால் தேய்த்து, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பித் தைத்தால், தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவருக்குப் புதிய கோட்டு கிடைத்துவிடும். பத்து வருஷம் கழித்து அதே கோட்டு மறுபடியும் பிரிக்கப்பட்டு அவருடைய மகனின் அளவுக்குக் குறையும். அதற்குப் பின்னும் நையாத முதுகுப் பகுதி ஒரு குழந்தையின் குளிர்த்தொப்பியாக மாறும். “தம்பி, நூலு துணியைவிட பலமா இருக்கக் கூடாது. இழுபட்டா தையல்தான் விடணும், துணி கிழியக் கூடாது. விட்ட தையலை நாளைக்குப் போட்டுக்கலாம். கிழிஞ்ச துணிய யாரு நெய்யிறது?” என்று மாஸ்டர் அந்த நாட்களில் திரும்பத் திரும்பச் சொல்வார். பருத்தித் துணிக்குப் பருத்தி நூல், அதுவும் துணியின் இழையைவிட மெல்லியதாக இருக்கவேண்டுமென்ற அந்த விதியை, ஒரு தொழில் நுணுக்கம் என்ற அளவில் மாத்திரமே அப்போது நான் மனத்தில் வாங்கிக்கொண்டேன்.

1970 முதல் 1977 வரை, இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், துணி என்பது எவ்வளவு பெரிய பொருள் என்பதை இலங்கையின் ஏழைகள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். அரசாங்கத்தின் சலுசல விற்பனை நிலையத்தின் முன்னே வரிசையில் நின்று வாங்கிய சீத்தைத் துணியில், வெட்டிய பிறகு மிஞ்சும் விரலகலத் துண்டைக்கூடக் கேட்டு வாங்கிச் செல்வார்கள். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு உரியவர்களென்று பிரித்திருந்தது. அவர்களில் பலர் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டுப் போனதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். தலைமன்னாருக்குப் போகிற ‘ஒப்பாரிக் கோச்சி’ என்ற ரயிலில் ஏறுவதற்கு முந்திய வாரத்தில், தகரப் பெட்டியில் அடுக்கவேண்டிய பழந்துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். ஒருநாள் ஒரு தாய், தன் ஒன்பது வயது மகளின் பாவாடையை நீட்டி, “மடிப்பு மூணு அங்குலம் உள்ளுக்கு விடுங்க தம்பி, அங்க போயி புள்ள வளருமில்ல” என்றாள். போகிற ஊரில் தையற்காரன் கிடைப்பானோ, கூலி கொடுக்க முடியுமோ, எதுவும் தெரியாத நிலையில், மகளுடைய வருங்காலத்திற்காக அவள் எடுத்துச் செல்லக்கூடியதாய் இருந்தது அந்த மூன்று அங்குல மடிப்பு ஒன்றுதான். அன்றிலிருந்து இன்றுவரை, பிள்ளைகளின் உடுப்பு எதையும் மடிப்பு விடாமல் நான் தைத்ததில்லை.

மலைநாட்டின் சீதோஷ்ணம் துணிக்கு ஒரு கடுமையான பரீட்சை. ஹட்டனுக்குக் கீழே வட்டவளைப் பக்கத்தில் ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தென்மேல் பருவம் தொடங்கிவிட்டால் வாரக் கணக்கில் வெயிலைக் காணமுடியாது. தலையில் கொங்காணியும் இடுப்பில் படங்கும் கட்டிக்கொண்டு மலையேறுகிற பெண்ணின் சேலை, நாள் முழுதும் ஈரத்திலேயே உழைக்கிறது. இங்கே பருத்திக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: நனைந்த பருத்தி இழை, உலர்ந்த இழையைவிடப் பலம் கூடியது. கல்லில் எத்தனை தடவை அடித்துத் துவைத்தாலும் பருத்தி தாங்குவதற்குக் காரணம் அதுவே. பட்டுப்போல் வழுவழுப்பாகக் கையில் விழுகிற ரெயோனும் விஸ்கோஸும் மரக்கூழிலிருந்து வருகிறவையாதலால் பருத்திக்கு உறவுதான். ஆயினும் நனைந்தால் அவை தம் பலத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். கடையின் விளக்கொளியில் அழகாய்த் தொங்குகிற அந்தத் துணியை, கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் உடுத்தலாம் என்றும், பீலிக்கரைக் கல்லுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றும், வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், அதுவரை இந்தியாவுக்குப் போய்வந்தவர்களின் பெட்டிகளில் மாத்திரம் கண்டிருந்த நைலெக்ஸ் சேலைகள் ஹட்டன் கடைவீதியெங்கும் தொங்கத் தொடங்கின. சாயம் போகாது, கசங்காது, நனைந்தால் ஒரு நாழிகையில் உலர்ந்துவிடும், பருத்தியில் பாதி விலை. மழைநாட்டுக்கென்றே தெய்வம் அனுப்பிய துணி என்று அவற்றை நானும் மனமார நம்பினேன், நம்பியபடியே விற்றேன். 1981 தீபாவளிக்கு, பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண், பருத்திச் சேலையையும் நைலெக்ஸ் சேலையையும் மாறிமாறிப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தபோது, நைலெக்ஸை எடுத்து அவள் கையில் வைத்தவன் நான். தீபாவளி கழிந்து சில வாரங்களுக்குப் பின், முன்கையில் கட்டோடு அவள் வந்தாள். லயத்து அடுப்பில் ஈரவிறகு வெடித்துத் தெறித்த நெருப்பு முந்தானையில் விழ, பருத்தியானால் தட்டி அணைத்திருக்கக் கூடியது, நைலோனாதலால் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் என்னைக் குறை சொல்ல வரவில்லை. மகனுக்குச் சட்டைத் துணி வாங்க வந்தாள். “சேலை நல்ல சேலைதாண்ணே, நீங்க சொன்னபடி சாயமே போகல. நாந்தான் அடுப்புல பாத்து நிக்கல” என்றாள். குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்ட அந்த வார்த்தை, வைது பேசியிருந்தால் தைத்திருக்கக் கூடியதைவிட ஆழமாக என் நெஞ்சில் தைத்தது. அவளுடைய அடுப்பையும் அவளுடைய விறகையும் நினைத்துப் பாராமல் துணியை மட்டும் பார்த்து நான் அபிப்பிராயம் சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகு என் மேசையில் ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு சிறிய சாவணமும் நிரந்தரமாக இடம்பிடித்தன. துணியின் ஓரத்திலிருந்து நெடுக்கில் இரண்டு இழை, குறுக்கில் இரண்டு இழை உருவி, தனித்தனியே முறுக்கிச் சாவணத்தில் பிடித்துச் சுடரின் பக்கத்தில் கொண்டுபோனால், துணி தன் ஜாதகத்தைத் தானே சொல்லிவிடும். பருத்தி சட்டென்று பற்றி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலில் தொட்டால் மாவாய் உதிர்கிற மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் எரியத் தயங்கி, மயிர் பொசுங்கும் நாற்றத்தை எழுப்பி, கறுத்து, நசுக்கினால் பொடியாகும். பொலியெஸ்டரோ சுடரைக் கண்டதும் பின்வாங்கிச் சுருண்டு, உருகி, கரும்புகை விட்டு, ஆறியபின் நகத்தால் உடைக்கமுடியாத கறுத்த மணியாகும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் அது கலப்பு. நெடுக்கு இழையில் ஒன்று, குறுக்கு இழையில் வேறொன்று என்று கலந்து நெய்வதும் உண்டாகையால், இரண்டு திசையிலும் இழை எடுத்துப் பார்ப்பது அவசியம். சுத்தப் பருத்தி என்று பேல் சீட்டில் அச்சிட்டிருந்த துணி கறுத்த மணியாய் உறைந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சீட்டு தவறு சொல்லலாம், சுடர் சொல்லாது.

1941 இல் இங்கிலாந்தில் இரண்டு இரசாயனிகள் கண்டுபிடித்த பொலியெஸ்டர், மண்ணெண்ணெய் எடுக்கிற அதே கச்சா எண்ணெயிலிருந்து பிறப்பது. இன்று உலகில் உற்பத்தியாகும் இழை அனைத்திலும் பாதிக்கு மேல் அதுதான், பருத்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. எங்கள் நாட்டில் 1978 இல் கட்டுநாயக்க வலயம் திறக்கப்பட்டு, 1992 இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்கள் வரை பரவிய பின்னர், கொழுந்து பறித்த தாய்மாரின் பெண்மக்கள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தொழிற்சாலைகளில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகள் கிலோக் கணக்கில் எங்கள் கடைவீதிக்கு வந்தன. அவற்றைத் தரம் பிரிக்க உட்கார்ந்தபோதுதான், கலப்புத் துணியின் துன்பம் எனக்கு விளங்கிற்று. தையலைப் பிரிக்கலாம், கோட்டைப் பிரிக்கலாம். பருத்தியையும் பொலியெஸ்டரையும் ஒரே இழையில் முறுக்கிவிட்டால் அதை எந்தப் பிளேடாலும் பிரிக்கமுடியாது. மறுபடி நூலாக்கவும் முடியாமல், மண்ணுக்கும் முழுதாய்ப் போகாமல், அது நடுவழியில் நின்றுவிடுகிறது.

சாயம் போகுமா என்று கேட்கிற நாம், போகிற சாயம் எங்கே போகிறது என்றும் கேட்கவேண்டும். பனியனுக்குப் பெயர்போன திருப்பூரில் சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் அதன் பாசன நிலங்களையும் பாழாக்கியதன் முடிவில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. மலிவாய் வாங்கிய ஒரு பனியனின் மிச்ச விலையை அங்கே ஓர் உழவன் செலுத்திக்கொண்டிருந்தான். நாங்களோ ஆறுகள் பிறக்கிற இடத்தில் வசிக்கிறோம். டிக்கோயாப் பக்கத்து ஓடைகள் காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனி கங்கைக்கும், தலவாக்கலைப் பக்கத்து ஓடைகள் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்கும் போகின்றன. கொழும்பு நகரத்தார் குடிக்கிற நீரில் பெரும்பங்கு களனியினுடையது. ஒவ்வொரு துவைப்பிலும் பொலியெஸ்டர் துணி கண்ணுக்குத் தெரியாத சிறு இழைகளை உதிர்க்கிறது. எங்கள் பீலியில் உதிர்வதும் அந்த நீரோடுதான் இறங்குகிறது.

இவ்வளவு சொன்னதால் பருத்தி பாவமற்றதென்று ஆகிவிடாது. ஒரு பனியனுக்கு வேண்டிய பருத்தியை விளைவிக்க ஏறத்தாழ 2700 லீட்டர் நீர் செலவாகிறதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். மத்திய ஆசியாவில் ஆரல் கடல் என்ற பெரும் நீர்ப்பரப்பு 1960 முதல் வற்றிச் சுருங்கியதற்கு, அதற்கு வந்துகொண்டிருந்த ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டதே முக்கிய காரணம். ஆகையால், நல்ல இழையைத் தேர்ந்தெடுப்பது பாதிக் காரியமே. தேர்ந்தெடுத்ததை வெகுகாலம் உடுத்துவது மறுபாதி. இருநூறு தடவை உடுத்திய பருத்திச் சட்டை அந்த நீருக்கு ஒருவாறு நியாயம் செய்கிறது; நான்கு தடவையில் மூலையில் எறியப்பட்டது எந்த இழையானாலும் அநியாயமே.

கடைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது சாமானியமான சில காரியங்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழைகள் நெருங்கி ஒரே சீராக நின்றால் அது உழைக்கும், வலைபோல் இடைவெளி தெரிந்தால் கஞ்சி போனதும் தொய்ந்துவிடும். உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் நீங்கள் காசு கொடுப்பது கஞ்சிக்கு. வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை நனைத்துத் துணியில் தேய்த்தால், சாயம் போகுமா என்பதை என்னிடம் கேட்கவேண்டிய அவசியமே இராது. தைத்த உடுப்பானால் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு அப்பால் விரலகலத் துணியாவது விட்டிருக்கிறார்களா, விளிம்பில் மடிப்பு இருக்கிறதா, பொத்தான் அறுந்தால் மாற்றுவதற்கு வழியிருக்கிறதா என்று கவனியுங்கள். தினசரி உடுப்புக்குக் கைத்தறி விரும்புகிறவருக்கு மருதமுனைச் சாரத்தைக் காட்டுகிறேன். இறுக நெய்த பருத்திச் சாரம் துவைக்கத் துவைக்க மிருதுவாகுமேயன்றி மெலியாது. குளிருக்கு வேண்டுமென்றால், புதிய பொலியெஸ்டர் ஜக்கெட்டுக்குக் காசைக் கரைப்பதற்கு முன், நுவரெலியா பேல் பஜாரில் ஒரு மணிநேரம் பொறுமையாகத் தேடச் சொல்கிறேன். வேறு யாரோ உடுத்திய நல்ல கம்பளி ஆடை ஒன்று, இன்னும் இருபது வருஷ ஆயுளோடு அங்கே மடிந்து கிடக்கக்கூடும்.

விலையைப் பற்றியும் நான் சொல்லவேண்டும். 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக உயர்வதற்கே எத்தனை போராட்டம் நடந்ததென்று அறிந்த மக்களிடம், விலை கூடிய துணியை வாங்குங்கள் என்று உபதேசிப்பது தர்மமாகாது. சம்பள நாளான பத்தாம் தேதியன்று கையில் இருக்கும் பணத்தில் இரண்டு மலிவுச் சேலை வாங்கலாமென்று வருகிறவரிடம், ஒன்றை மட்டும் நல்லதாக வாங்கி, மற்றதற்கு வீட்டிலிருக்கும் பழையதைக் கொண்டுவாருங்கள், ஓரம் அடித்துத் தருகிறேன் என்று சொல்வேன். ஓரம் அடிப்பதற்கு நான் வாங்குகிற கூலி, துணி விற்று வரும் இலாபத்தைவிடக் குறைவுதான்; ஆனாலும் அவ்விதம் வந்தவர்கள் நாற்பது வருஷமாக என்னை விட்டுப் போகவில்லை. எங்கள் பாட்டிமாருக்கு இந்தச் சாஸ்திரத்தை யாரும் கற்பிக்கவில்லை. அவர்களுடைய பருத்திச் சேலை பழையதானதும் பிள்ளைக் காம்பராவில் தொட்டிலாகத் தொங்கிற்று. தொட்டில் நைந்தபின் கந்தல் போர்வையின் உள்மடியாயிற்று. அதற்கும் பின்னர் அடுப்படியில் கைப்பிடித் துணியாகி, கடைசி இழை கார்த்திகை விளக்கில் திரியாக எரிந்தது. ஒரு துணிக்கு அதைவிட நிறைவான முடிவு இருக்கமுடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

2022 இல், விலைவாசி ஏறி, வீட்டோரத்து ஒவ்வொரு சாண் மண்ணையும் கொத்தி எல்லோரும் மரக்கறி நட்ட காலத்தில், நானும் வீட்டின் பின்புறம் லீக்ஸ் போடுவதற்காகப் பழைய உரக்குழி இருந்த இடத்தைக் கொத்தினேன். மண்வெட்டியில் ஏதோ சிக்கி இழுபட, குனிந்து எடுத்துப் பார்த்தேன். அது ஒரு சட்டையின் எலும்புக்கூடு. பல வருஷங்களுக்கு முன் வீட்டார் குழியில் போட்ட என்னுடைய சுத்தப் பருத்திச் சட்டை. துணி முழுவதும் மண்ணாகிப் போயிருந்தது. மிஞ்சியிருந்தவை ஏழு பிளாஸ்டிக் பொத்தான்களும், அவற்றைக் கோத்து நின்ற தையல் நூலும்தான். கழுத்துப்பட்டையின் வளைவு, மணிக்கட்டின் சதுரம், சட்டைப்பையின் ஓரத்தில் நான் எப்போதும் போடுகிற இரட்டைத் தையல், எல்லாம் உள்ளே துணியில்லாமல் வெறும் நூலாகவே கையில் தொங்கின. அறுந்துபோகாதென்று பெருமை பேசி நான் பல ஆண்டுகளாக உபயோகித்துவந்த பொலியெஸ்டர் நூல் அது. நூல் துணியைவிடப் பலமாக இருக்கக் கூடாதென்று மாஸ்டர் சொன்னதன் முழு அர்த்தமும் அந்த லீக்ஸ் பாத்தியில் எனக்கு விளங்கிற்று.

இப்போது பருத்தித் துணிக்குப் பருத்தி நூலைத்தான் போடுகிறேன். கொழும்பிலிருந்து தருவிக்கவேண்டியிருக்கிறது, விலையும் கூடுதல். சம்மதிக்கிறவர்களுக்குச் சிரட்டைப் பொத்தான் வைத்துத் தருகிறேன். தையல் எப்போதாவது விட்டுப்போய்க் கொண்டுவந்தால், கூலியில்லாமல் மறுபடி போட்டுக் கொடுக்கிறேன். “அண்ணே, சாயம் போகுங்களா?” என்று கேட்கிறவருக்கு, “கொஞ்சம் கொஞ்சமாப் போகும் தங்கச்சி; வேல முடிஞ்சதுக்கப்புறம் சேலையே முழுசாப் போயிரும்” என்று மறுமொழி சொல்கிறேன். விளங்காமல் பார்க்கிறவருக்கு, மேசை லாச்சியைத் திறந்து, அந்த நூற்கூட்டை எடுத்து விரித்துக் காட்டுகிறேன்.